மூச்சு முட்டினால் வாய் திறக்கலாமோ?

தங்கச்சி,

கொக்குவிலிலையிருந்து கனடாவிலை ஸ்காபரோவுக்கு வந்து மூண்டு மாசம், வயது போனவையை வீட்டுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை, சின்னனிலையிருந்தே முட்டு (ஆஸ்துமா), இங்கை வந்து கூடிப்போச்சு, போற வீடெல்லாம் பிளக்கிலை செருகின வாசனைப் போத்தல், கூட வேலை செய்யிறவவின்ரை காருக்குள்ளை சென்ற். சொன்னால் வேலை போயிடுமோ எண்டு கேட்டிருந்தீங்கள்.

சொல்லுங்கோ. ஆருக்கு, எப்பிடிச் சொல்லுறது எண்டதிலைதான் விசயம்.

ஊரிலை யன்னலெல்லாம் திறந்து கிடக்கும், சாம்பிராணி போட்டாலும் புகை தன்ரை பாட்டிலை போயிடும். இங்கை குளிர் தொடங்கினால் பூட்டின வீட்டுக்கை அதே காத்துத்தான் ஹீற்றராலை சுத்திச் சுத்தி வரும். உங்கடை முட்டு கூடினதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம். வெளிநாட்டுக்காரர் பெட்டி திறக்கேக்கை வாற மணத்துக்கு நாங்கள் சின்னனிலை எவ்வளவு ஆசைப்பட்டிருப்பம்! அதிலை பாதி உடுப்புத் தோய்க்கிற சாமானின்ரை வாசனைதான்.

கிளையன்ற்மாரைப் பற்றிச் சொல்லுறன். வயது போகப்போக மோப்பம் குறையும். அதோடை ஒரே மணத்துக்கை இருந்தால் ஆற்றை மூக்கும் பழகிப்போகும். உங்களுக்குத் தலையிடி வாற அளவு மணம் அவைக்குத் தெரியாது. இன்னொண்டு, ஆரும் வாய்விட்டுச் சொல்லாதது: கன வீடுகளிலை அந்தப் போத்தல் இருக்கிறது மூத்திர மணத்தை மறைக்கத்தான். வாறவை முகத்தைச் சுழிப்பினமோ எண்ட வெக்கம். அதாலை "வீடு மணக்குது" எண்ட மாதிரி ஒரு சொல்லும் உங்கடை வாயிலை வரக்கூடாது. போன உடனை நனைஞ்ச விரிப்பை மாத்துங்கோ, மூத்திரம் உறிஞ்சிற பாவிச்ச பாட்டை (pad) பையிலை இறுக்கிக் கட்டி வெளிக்குப்பைக்கை போடுங்கோ. கதிரை மெத்தையிலை ஊறினதுக்கு என்சைம் கிளீனர் இருக்கு, கடையிலை நாய் பூனைச் சாமான் பக்கம் தேடுங்கோ. அதிலையும் மணம் போடாததாப் பாத்து வாங்கச் சொல்லுங்கோ. மறைக்க வேண்டியது குறைஞ்சால் போத்தலைக் கழட்டச் சொல்லிக் கேக்கிறது லேசு. "எனக்கு ஆஸ்துமா, நான் வாற நாளிலை ஒரு மணித்தியாலம் முந்தி இதைக் கழட்டி வைப்பீங்களோ?" அவ்வளவும் போதும். முழுசா விடச் சொல்லாதேங்கோ, அது அவையின்ரை வீடு.

காருக்கை சென்ற் போடுறவவிட்டையும் அப்பிடித்தான். உங்கடை நெஞ்சைப் பற்றிக் கதையுங்கோ, அவவின்ரை சென்ற்றைப் பற்றி இல்லை. பயப்பிட ஒண்டுமில்லை, ஹலிஃபாக்ஸ் பக்கம் 1990களிலையே வேலையிடத்துக்குச் சென்ற் போட்டு வரவேண்டாம் எண்டு கேக்கத் தொடங்கிட்டினம். ரொறன்ரோ ஆசுப்பத்திரிகளிலையும் அப்பிடி அறிவித்தல் பாத்திருப்பீங்கள். இங்கத்தையான் ஆக்களுக்கு இது புதுக்கதை இல்லை. எங்கடை ஆக்கள்தான் "அவை என்ன நினைப்பினமோ" எண்டு வாயைப் பொத்திக்கொண்டு இருமுறது.

அதுக்கு மேலை எண்டால் ஒபீசுக்கு எழுதுங்கோ. போனிலை சொல்லுறது காத்தோடை போயிடும், மின்னஞ்சல் போடுங்கோ. ஒன்ராறியோ மனித உரிமைச் சட்டத்தின்படி, ஒரு வருத்தம் உங்களுக்கு வலதுகுறைவா இருந்தால், முதலாளிக்குத் தாங்கேலாத கஷ்டம் வராத அளவுக்கு உங்களுக்கு ஏத்தமாதிரி வேலையை ஒழுங்குபடுத்த வேண்டியது முதலாளியின்ரை கடமை. வேர்க் பெர்மிற்றிலை வந்தவைக்கும் அது பொருந்தும். டொக்ரரிட்டைக் கடிதம் எடுங்கோ. அதிலை வருத்தத்தின்ரை பேர் எழுதவேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை, கடும் வாசனை உள்ள இடத்திலை வேலை செய்யேலாது எண்டு இருந்தால் காணும். போத்தலைக் கழட்டவே மாட்டன் எண்டு நிக்கிற வீட்டுக்குப் பதிலா வேறை வீடு கேக்கலாம்.

மாஸ்க் பற்றியும் கேட்டீங்கள். என்95 தூசிக்கு நல்லது, வாசனை வாயுவா வாறது, அதைப் பிடிக்காது. கரி வைச்ச மாஸ்க் கொஞ்சம் உதவும். காத்துச் சுத்திகரிக்கிற மிசின் வாங்கிறதெண்டாலும் தூசி பிடிக்கிற ஹெப்பா பில்ரர் மட்டும் இருக்கிறது போதாது, கனமான கரி பில்ரரும் வேணும்.

நீங்கள் இருக்கிற பேஸ்மென்றையும் பாருங்கோ. மேல்வீட்டு அன்ரி வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் அது பொது வென்ற்றாலை கீழையும் இறங்கும், அந்த நேரம் மட்டும் ஹீற்றர் விசிறியை நிப்பாட்டச் சொல்லிக் கேளுங்கோ, மறுக்கமாட்டா. உடுப்புத் தோய்க்கிற மிசின் பொதுவெண்டால் முதல் ஆள் போட்ட வாசனை உங்கடை யூனிபோமிலை ஏறும். ஒருக்கா வெறுமனே சுடுதண்ணியும் வினாகிரியும் விட்டு ஓட்டுங்கோ. பிளீச்சையும் வினாகிரியையும் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். சவர்க்காரப் போத்தலின்ரை பின்பக்கத்திலை பாஃபம் (parfum, வாசனை) எண்டு இருந்தால் திருப்பி வையுங்கோ. முன்பக்கத்திலை மணமில்லை எண்டு போட்டதிலையும் சிலவேளை மணத்தை மறைக்கிற சாமான் சேர்த்திருப்பினம்.

தூள் வறுக்கிற நாளிலை அந்த மணம் ஏறாமல் வேலைக்குப் போடுற ஜக்கெற்றை அறைக்குள்ளை பூட்டி வையுங்கோ. படுக்கேக்கை சித்தாலேப தைலம் பூசுற பழக்கம் இருந்தால் அதையும் விட்டுப் பாருங்கோ, முட்டுக்காரர் சிலபேருக்கு அந்தக் காரமும் ஒத்துக்கொள்ளாது.

முட்டு வந்தால் உடனை இழுக்கிற நீலப் பம்ப் கிழமையிலை 2 தரத்துக்கு மேலை தேவைப்படுதெண்டால் உங்கடை ஆஸ்துமா கட்டுப்பாட்டிலை இல்லை, மருந்தை மாத்தவேண்டி வரலாம், டொக்ரரிட்டைப் போங்கோ. பம்பைக் காரிலை விட்டிட்டுப் போகாதேங்கோ, குளிரிலை ஒழுங்கா அடிக்காது, உள்பொக்கற்றிலை வைச்சிருங்கோ.