டெல்லிக் குளிர்கால மாசில், சி.ஓ.பி.டி. (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்) உள்ள அப்பாவுக்கு வீட்டில் ஆக்ஸிஜன் கான்சன்ட்ரேட்டர் வாங்கி வைக்கலாமா?

அப்பாவுக்கு மூச்சிரைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு எவ்வளவு என்று எழுதவில்லை. காற்று வெளியேறாமல் நெஞ்சு உப்பி நிற்பதால், அளவு 95 சதவீதம் இருக்கும்போதே சி.ஓ.பி.டி.க்காரர்களுக்கு இரைக்கும். அதற்கு இன்ஹேலர்தான் மருந்து. கான்சன்ட்ரேட்டர் என்பது காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின், அது அறைக்காற்றைச் சுத்தப்படுத்தவும் செய்யாது.

முதலில் விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரால் அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் உட்காரவைத்து, விறைத்த விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். இருமல், சளி முற்றியிருக்கும் சமயத்து எண்ணை வைத்து முடிவெடுக்காதீர்கள். நோய் அடங்கியிருக்கும்போது மூன்று வாரத்துக்குள் இரண்டு முறை 88 அல்லது அதற்குக் கீழே வந்தால், ஏ.பி.ஜி. (தமனி ரத்தத்தில் வாயுக்களை அளக்கும் பரிசோதனை) எடுத்துப் பார்த்து டாக்டர் எழுதித் தருவார். 2016இல் வெளிவந்த அமெரிக்க 'லாட்' ஆய்வில் 738 பேர் இருந்தார்கள். அளவு மிதமாகக் குறைந்தவர்களுக்கு வீட்டு ஆக்ஸிஜனால் ஆயுளும் கூடவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போவதும் குறையவில்லை. உண்மையிலேயே தேவைப்படுகிறவர்களுக்கும் தினம் 15 மணி நேரம் போதும், 24 மணி நேரத்தால் கூடுதல் பலன் இல்லை என்று ஸ்வீடனின் 'ரெடாக்ஸ்' ஆய்வு 2024இல் காட்டியது. தூக்க நேரத்தையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம்.

98 வரட்டும் என்று மெஷினின் குமிழைத் திருகுவதுதான் பெரிய ஆபத்து. இலக்கு 88 முதல் 92. அதற்கு மேலே ஏற்றினால் சிலருக்கு ரத்தத்தில் கரியமில வாயு சேரும். காலையில் தலைவலி, பகலில் ஓயாத தூக்கம், பேச்சில் குழப்பம் தெரிந்தால் உடனே ஆஸ்பத்திரி. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸிலேயே இந்த அளவுக்குள் நிறுத்திக் கொடுத்தபோது, தாராளமாகக் கொடுத்ததைவிட இறப்பு வெகுவாகக் குறைந்தது (2010). 'மூச்சுத் திணறுகிறவருக்கு ஆக்ஸிஜனைக் குறைக்கச் சொல்கிறானே' என்று திட்டப்போகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கவும். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதை டாக்டர்தான் எழுத வேண்டும். சீட்டைக்கூடக் கேட்காமல் '10 லிட்டர் எடுங்க சார், சேஃப்' என்று வாடகைக்குத் தள்ளிவிடுகிற கடைக்காரர் அல்ல.

பெரும்பாலும் 1 அல்லது 2 லிட்டரில் காரியம் முடிந்துவிடும், 5 லிட்டர் மெஷின் தாராளம். சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வையுங்கள். டெல்லித் தூசிக்கு வெளி ஃபில்டரை வாரம் இருமுறை அலசி, நன்றாகக் காயவைத்துத்தான் மாட்ட வேண்டும். ஈரம் உள்ளே போனால், நைட்ரஜனைப் பிடித்துவைக்கிற ஜியோலைட் கெட்டுவிடும். குமிழ் 2இல் நிற்கும், வரும் காற்றில் வேண்டிய அளவு ஆக்ஸிஜன் இருக்காது. ஈரப்பத பாட்டிலில் டிஸ்டில்டு வாட்டர், தினமும் மாற்றுங்கள். ஊதுபத்தி, விளக்கு, பீடி எதுவும் அந்த அறையில் கூடாது.

மெஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஏ.எச். இன்வெர்ட்டர் மூன்று மணி நேரம் தாங்கினாலே பெரிது. குடியிருப்புச் சங்கங்கள் லிஃப்டுக்கும் வாசல் வளைவு விளக்குக்கும் ஜெனரேட்டர் ஓட்டும், நோயாளி வீட்டுக்கு ஒரு பிளக் கேட்டால் பொதுக்குழுவில் தீர்மானம் போடச் சொல்லும். ஆகவே நிரப்பிய சிலிண்டர் ஒன்று கைவசம் இருக்கட்டும். ரெகுலேட்டரை முன்பே மாட்டிப் பார்த்து, வால்வுச் சாவியைச் சிலிண்டரிலேயே கட்டிவிடுங்கள்.