கல் இருக்கிறதா என்று பார்க்க மட்டும் இ.ஆர்.சி.பி. தேவையா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 34. சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே அடிக்கடி வலி வருகிறது. ஸ்கேனில் பித்தப்பையில் சிறு கற்கள் தெரிகின்றன. பித்தம் குடலுக்குப் போகும் குழாயான பித்தநாளத்தின் அகலம் 5 மி.மீ., காமாலையில் ஏறும் மஞ்சள் நிறமியான பிலிருபின் சரியான அளவு. "நாளத்திலும் கல் இருக்கலாம், இ.ஆர்.சி.பி. செய்து பார்த்துவிடலாம்" என்கிறார் மருத்துவர். அதாவது, வாய்வழியாக எண்டோஸ்கோப் குழாயை விட்டு, நாளத்துக்குள் சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் பார்த்து, கல் இருந்தால் எடுப்பது. காமாலையோடு போய் இதே சிகிச்சை செய்துகொண்ட என் சித்தப்பா, கணையம் வீங்கிப் பல நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். இவளுக்கும் அப்படி ஆகுமா?

பதில்: ஆகும் என்று சொல்ல முடியாது. ஆனால் உங்கள் சித்தப்பாவைவிட உங்கள் மனைவிக்கு அந்த வாய்ப்பு கூடுதல் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வயது குறைவு, பெண், பிலிருபின் சரியாக இருக்கிறது, நாளம் விரியவில்லை. இந்த நான்குமே இ.ஆர்.சி.பி.க்குப் பின் வரும் கணைய அழற்சிக்கான காரணிகள். முன்பே கணைய அழற்சி வந்தவர்களும், நாளத்தின் வாயில் உள்ள தசைவளையம் சரியாகத் திறந்து மூடாதவர்களும் இதே வரிசையில் வருவார்கள். வேடிக்கை என்னவென்றால், நாள்பட்ட கணைய நோய் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து குறைவு. நைந்துபோன கணையத்தில் தன்னையே அரிக்கும் அளவுக்கு நொதி சுரப்பதில்லை.

ஏன் இப்படி ஆகிறது? பித்தநாளமும் கணைய நாளமும் பெரும்பாலோருக்குச் சிறுகுடலில் ஒரே சின்ன மேட்டின் வழியாகத்தான் திறக்கின்றன. எண்டோஸ்கோப்பில் பார்க்கும்போது, கடிகார முகமாக நினைத்துக்கொண்டால், பித்தநாளம் 11 மணி திசையில் போகும். கணைய நாளம் 1 மணிப் பக்கம். பித்தநாளத்துக்குள் விடும் மெல்லிய கம்பி கொஞ்சம் திசை மாறினாலும் கணையத்துக்குள் போய்விடும். திரும்பத் திரும்பக் குத்தினால் அந்த மேடு வீங்கி, கணைய நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கும். சாயமருந்து கணைய நாளத்துக்குள் ஏறினாலும் சிக்கல்தான். மேட்டை 5 முறைக்கு மேல் தொட வேண்டி வந்தாலோ, முயற்சி 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, கம்பி ஒரு தடவைக்கு மேல் கணைய நாளத்துக்குள் போனாலோ அதை 'கடினமான நுழைவு' என்று கணக்கில் எடுப்போம். விரியாத நாளத்தில் அப்படி ஆவது சகஜம்.

இந்தச் சிகிச்சை செய்துகொள்ளும் 100 பேரில் ஏறக்குறைய 3 முதல் 10 பேருக்குக் கணைய அழற்சி வருகிறது. பெரும்பாலும் டிரிப்ஸிலும் வலிமருந்திலும் சில நாட்களில் அடங்கிவிடும். மிகச் சிலருக்கு மட்டும் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் 'பார்த்துவிடலாம்' என்ற ஒரே காரணத்துக்காக இதைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பார்ப்பதற்கு எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும் (பித்தநாளத்தை எம்.ஆர்.ஐ.யில் படம் பிடிப்பது) எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டும் (எண்டோஸ்கோப் நுனியிலிருந்தே செய்யும் அல்ட்ராசவுண்ட்) இருக்கின்றன, கணையத்தைச் சீண்டாதவை. மிகச் சிறிய கல் எம்.ஆர்.சி.பி.யில் தப்பிவிடலாம், எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்டில் சிக்கும். இரண்டில் ஒன்றை முதலில் செய்யலாமா என்று கேளுங்கள். நாளத்தில் கல் இல்லையென்றால் பித்தப்பையை மட்டும் லேப்ராஸ்கோப்பியில் எடுத்தால் போதும்.

கல் இருந்தால் கதை வேறு. அப்போது தயங்கக் கூடாது. விட்டுவைத்த கல்லே கணைய அழற்சியையும் நாளத்தில் சீழையும் கொண்டுவரும். காமாலையோடு குளிர்காய்ச்சலும் வந்துவிட்டால் ஸ்கேனுக்கு வரிசையில் நிற்கக்கூட நேரமில்லை. உங்கள் சித்தப்பாவுக்கும் அந்தச் சிகிச்சை தேவையாக இருந்திருக்கும்.

சரி, செய்தே ஆக வேண்டும் என்று முடிவானால், ஆசனவாய் வழியாக வைக்கும் டைக்ளோஃபினாக் அல்லது இண்டோமெதாசின் என்ற வலிமருந்து 100 மி.கி. தருவார்களா என்று கேளுங்கள். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், பெரும்பாலும் ஆபத்து கூடிய நோயாளிகளிடையே, கணைய அழற்சி 100-க்கு 17 பேர் என்ற அளவிலிருந்து சுமார் 9-ஆகக் குறைந்தது. இவ்வளவு மலிவான மருந்துக்கு இது பெரிய பலன். வலிமாத்திரை ஒவ்வாமையோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ரிங்கர் லாக்டேட் டிரிப்ஸ் தாராளமாக ஏற்றுவதும் உதவும். கம்பி அடிக்கடி கணையத்துக்குள் போனால் அங்கே மெல்லிய பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைப்பார்கள். அது பெரும்பாலும் தானாக விழுந்துவிடும். விழுந்ததா என்று சில நாள் கழித்து எக்ஸ்ரேயில் பார்க்கச் சொல்வார்கள். அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். அப்புறம், இதை அடிக்கடி செய்து கை பழகிய மருத்துவரா என்று கேட்பதிலும் தப்பில்லை.

செய்த பிறகு லேசான உப்புசம் இருக்கும், அது காற்று. ரத்தத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதி மட்டும் ஏறி வலி இல்லையென்றால் அதுவும் கணைய அழற்சி ஆகாது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் விடாத வலி, வாந்தி, காய்ச்சல், கறுப்பு மலம் என்று எது வந்தாலும் வீட்டில் மாத்திரை போட்டுப் படுக்க வைக்காமல், நள்ளிரவானாலும் சிகிச்சை செய்த இடத்துக்கே அழைத்துப் போங்கள்.