கடல் கடந்த முன்னோரைத் தேடுதல்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் பாட்டி கைக்குழந்தையாக இருந்த 1890களில், அவருடைய தகப்பனார் சுடலைமுத்து, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பவே இல்லை. அவர் அனுப்பிய கடிதத்தின் உறை மட்டும் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறது. அதில் வெருலம் என்ற ஊரும், அவர் பெயருக்குக் கீழே ஐந்து இலக்க எண் ஒன்றும் எழுதப்பட்டுள்ளன. இணையத்தில் பெயரைப் போட்டுத் தேடியதில் ஒன்றும் அகப்படவில்லை. எங்கே தொடங்குவது?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: பெயரைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பனுக்குப் போய்ச் சேர்ந்ததிலிருந்து, 1911இல் ஆள் அனுப்புவது நிறுத்தப்பட்டது வரை, நேட்டாலில் வந்து இறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வரிசையாக எண் கொடுத்து வந்தார்கள். அந்த வரிசை 1,52,184 வரை ஓடுகிறது. முதலாளிக்கு ஆளைப் பிரித்துக் கொடுத்ததும், திருமணமும் மரணமும் பதிவானதும், ஒப்பந்தம் முடிந்த விவரம் ஏறியதும் அந்த எண்ணின் பேரில்தான். ஆகவே உறையில் இருப்பது உங்கள் பூட்டனாரின் குடியேற்ற எண்ணாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. நேட்டால் கப்பல் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றைக் கணினியில் ஏற்றிய பட்டியல் குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதுலி ஆவண மையத்தின் வழியே கிடைக்கிறது. எண்ணைக் குறிப்பிட்டு அந்த வரியின் படத்தையே கேட்டு வாங்குங்கள். தட்டச்சு செய்த நகல் போதாது, ஏனெனில் ஊர்ப் பெயரைப் படித்துத் தட்டச்சு செய்தவருக்கு நம் ஊர்கள் தெரிந்திருக்க நியாயமில்லை.

அந்த ஒரே வரியில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, பால், சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றோடு உடலில் உள்ள அங்க அடையாளமும் எழுதப்பட்டிருக்கும். இடது முழங்காலில் தழும்பு, வலது புஜத்தில் மச்சம் என்று ஓரிரு சொற்கள்தான். புகைப்படம் ஒன்றுகூட இல்லாத ஒரு மனிதரின் உருவத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் ஒரே சாட்சியம் பல சமயங்களில் அதுவாகவே இருக்கும். வரியைப் பார்த்ததோடு நிறுத்தாமல், அதற்கு முன்னும் பின்னும் உள்ள இருபது முப்பது வரிகளையும் படியுங்கள். ஒரே ஊரிலிருந்து சேர்ந்து புறப்பட்டவர்கள் பெரும்பாலும் அடுத்தடுத்த எண்களில் நிற்பார்கள். உங்கள் பூட்டனாரின் வரியில் கிராமத்தின் பெயர் சிதைந்திருந்தாலும் பக்கத்து வரிக்காரரின் வரியில் தெளிவாக இருக்கக்கூடும். பின்னாளில் ஒரே கப்பல் பலமுறை போய்வந்தது. ‘உம்லாசி’, ‘உம்ஜிண்டோ’ போன்ற பெயர்களை அடுத்து வரும் எண் அந்தக் கப்பலின் எத்தனையாவது பயணம் என்பதைக் குறிக்கும். அதை விட்டுவிட்டுக் கப்பல் பெயரை மட்டும் குறித்து வைத்தால் வேறொரு ஆண்டின் பட்டியலில் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

பெயரைப் போட்டு ஏன் கிடைக்கவில்லை என்றால், எழுத்தர் தம் காதில் விழுந்ததை எழுதினார். சுடலைமுத்து ‘சூடலமுத்தூ’ ஆகியிருக்கலாம், ‘சூடல’ என்று பாதியில் நின்றிருக்கலாம், வெறும் ‘முத்து’ ஆகியிருக்கலாம். இதில் நெல்லைக்காரர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. ஆற்காடு, செங்கல்பட்டு ஜில்லாக்காரர்கள் நிறைந்த பட்டியலில் சுடலை, இசக்கி, பேச்சி, முப்பிடாதி ஆகிய பெயர்கள், எவ்வளவு சிதைந்திருந்தாலும், தனித்துத் தெரியும். வயதை உத்தேசமாகவே போட்டார்கள். நான்கைந்து ஆண்டு முன்பின் இருந்தால் தள்ளிவிட வேண்டாம். சாதிக் கட்டத்தையும் முழுதாக நம்ப வேண்டாம். எந்தச் சாதியை ஆள் சேர்க்கும் ஏஜெண்டு விரும்பி எடுப்பார் என்று தெரிந்துகொண்டு மாற்றிச் சொன்னவர்களும் உண்டு, கப்பலேறும் முன் தங்கவைத்த டிப்போவில் சொன்னது ஒன்றும் எழுதப்பட்டது ஒன்றுமாகப் போனதும் உண்டு.

ஜில்லா ‘திருநெல்வேலி’ என்று இருந்தால் இன்றைய வரைபடத்தை விரிக்காதீர்கள். அன்றைய ஜில்லாவில் இன்றைய தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்கள் அடக்கம். 1910இல் இராமநாதபுரம் ஜில்லா உருவாகும் வரை சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும்கூடத் திருநெல்வேலிதான். புதூர், புதுக்குடி, பிள்ளையார்குளம் என்று ஒரே பெயரில் எத்தனை ஊர்கள் உள்ளன என்பது உங்களுக்கே தெரியும். எனவே தாலுகாப் பெயர் இல்லாமல் கிராமத்தை முடிவு செய்யக் கூடாது. உங்கள் குடும்பத்தார் சொல்லும் ஊர் ஒரு பெரிய வருவாய்க் கிராமத்தின் உட்கடை ஊராக இருந்து, பட்டியலில் பெரிய கிராமத்தின் பெயர் ஏறியிருக்கலாம்.

அங்கே அவருக்கு வேறொரு குடும்பம் அமைந்ததா என்பதை அறிய மரணப் பதிவைத் தேட வேண்டும். சிறிதளவு நிலமோ பணமோ விட்டுச் சென்றவராயின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்தில் சொத்துக் கோப்பு இருக்கக்கூடும்; அதன் முகப்பில் உள்ள மரண அறிவிப்பில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, மக்கள் பெயர்கள் கேட்கப்பட்டிருக்கும். தென்னாப்பிரிக்க தேசியக் காப்பகத்தின் இணையக் குறிப்பேட்டில் இக்கோப்புகளின் எண்களைத் தேடலாம். அங்கே தகப்பனாரின் பெயரே மக்களுக்குக் குடும்பப் பெயராக நிலைத்துவிடுவது வழக்கம் என்பதால், சுடலைமுத்து என்பதை அவருடைய பேரப்பிள்ளைகளின் கடைசிப் பெயராகவும் தேடிப் பாருங்கள். மறுமணம் செய்திருந்தால் பாட்டியின் தாயார் பெயர் அதில் இருக்காது. அதற்காக ஆள் வேறு என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

பெயர் ஒன்று பொருந்தியதும் மகிழ்ந்துவிடுகிறோம். அந்த மகிழ்ச்சியில்தான் பிறருடைய பூட்டனாரை நம்முடையவர் என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறோம். பெயர், தகப்பன் பெயர், கிராமம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும். மூன்றில் ஒன்று நழுவினால், அதை ஈடுசெய்ய வேறிடத்துச் சாட்சியம் ஒன்று வேண்டும் என்பது என் கணக்கு.

கேள்வி: எங்கள் கொள்ளுத் தாத்தா கங்காணியோடு மாத்தளைக்குப் போனவர். தாத்தா 1970களில், தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இராமேசுவரம் வழியாகத் திரும்பிவிட்டார். அவருடைய தம்பி குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. நேட்டாலுக்கு இருப்பதைப் போல இலங்கைக்கும் கப்பல் பட்டியல் உண்டா?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: அத்தகைய பட்டியலை எதிர்பார்க்க வேண்டாம், அம்மா. இலங்கைக்குப் போனவர்கள் அரசின் ஒப்பந்தச் சீட்டில் கைநாட்டு வைத்துப் போகவில்லை. ஆள் சேர்த்துக் கூட்டிப்போகும் கங்காணி கொடுத்த முன்பணத்தின் பேரில், அவருடைய கூட்டத்தில் ஒருவராகப் போனார்கள். தூத்துக்குடி அருகே தட்டப்பாறையிலும், பிற்காலத்தில் மண்டபத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைத்து, உடல் பரிசோதனை செய்து, எந்தத் தோட்டத்துக்கு உரியவர் என்பதைக் காட்டும் தகரத் துண்டைக் கொடுத்து அனுப்பினார்கள். தோட்டத்தின் ஆள் பதிவேடான செக்ரோலில் பெயர் ஏறியது. ஆனால் செக்ரோல் தோட்டக் கம்பெனியின் காகிதம். கம்பெனி கை மாறி, 1970களில் தோட்டங்கள் அரசுடைமையும் ஆனபோது எத்தனையோ அழிந்தன.

உங்களுக்கு உதவக்கூடியவை பிற்காலத்துக் காகிதங்கள்தாம். தாத்தாவின் இந்தியக் கடவுச்சீட்டும், மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டையும் வீட்டில் இருந்தால் எடுத்து வையுங்கள். தோட்டத்தின் பெயரும் குடும்பத்தாரின் பெயர்களும் அவற்றில் கிடைக்கும். 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த குடும்பமானால், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் அங்கே வசித்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்ததால், அந்த விண்ணப்பம் சிறிய குடும்ப வரலாறாகவே அமைந்திருக்கும். சின்னத் தாத்தாவின் பிள்ளைகளுடைய பிறப்புச் சான்றிதழை அங்குள்ள பிரதேச செயலகத்தின் பதிவாளரிடம் கேட்டுப் பெறலாம். இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் தகப்பனாரின் பிறந்த இடத்துக்கு ஒரு கட்டமும், பாட்டனார் இலங்கையில் பிறந்தவரானால் அவர் விவரத்துக்கு ஒரு கட்டமும் உண்டு. நம் ஊர்ச் சான்றிதழ்களில் இல்லாத அந்தக் கட்டங்கள் உங்கள் வேலையில் பாதியைச் செய்துவிடும்.

நேரில் போக முடிந்தால் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேரின்போது போங்கள். சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்கள் அங்கே திரளுவார்கள், அலுவலகத்தில் கிடைக்காத விலாசம் அங்கே கிடைக்கும்.

கேள்வி: என் பூட்டனார் உபதேசியாராக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனதாகச் சொல்லுவார்கள். எங்கள் ஊர் மெஞ்ஞானபுரம் பக்கம்.
– வாசகர், திருச்செந்தூர்

பதில்: நீங்கள் மற்றவர்களைவிடக் கொடுத்து வைத்தவர். தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தோட்டத் தொழிலாளர்களிடையே பணி தொடங்கியபோது, திருநெல்வேலித் திருச்சபையிலிருந்து உபதேசியார்கள் அனுப்பப்பட்டார்கள். மிஷனரிகள் ஆண்டுதோறும் எழுதிய அறிக்கைகளில் உபதேசியார்களின் பெயர்கள் வருவதுண்டு. சி.எம்.எஸ். என்ற சர்ச் மிஷனரி சங்கத்தின் ஆவணங்கள் இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உள்ளன. அதற்கு முன் உங்கள் சபையின் ஞானஸ்நானப் பதிவேட்டையும் விவாகப் பதிவேட்டையும் குருவானவரின் அனுமதி பெற்றுப் பாருங்கள். ஞானஸ்நானத்தில் பெயர் மாறியிருக்கும் என்பதால், பழைய பெயர், புதிய பெயர் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடையநல்லூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போன என் பெரிய தாத்தாவைப் பற்றி ஜப்பான்காரன் காலத்துக்குப் பிறகு செய்தியே இல்லை. தேட வழி உண்டா?
– வாசகி, கடையநல்லூர்

பதில்: உங்கள் ஊரார் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் செறிந்து வாழ்ந்தவர்கள், 1941இல் அங்கே கடையநல்லூர் முஸ்லிம் லீக் தொடங்கும் அளவுக்கு ஊர் ஒற்றுமை இருந்தது. அச்சங்கத்தின் மூத்தவர்களுக்கு எழுதுங்கள். சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, தமிழ் முரசும் அதில் உண்டு. தேசியக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளையும் கேளுங்கள். ஜப்பானியர் கட்டாய வேலை வாங்கிப் போட்ட சயாம் ரயில் பாதைக்கு அவர் கொண்டு போகப்பட்டிருந்தால் தேடல் கடினமாகிவிடும். அங்கே மாண்ட போர்க் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. தமிழ்த் தொழிலாளர்களுக்கு அவை இல்லை. உடன் போய் உயிரோடு திரும்பியவரின் வீட்டார் ஊரில் எவரேனும் இருந்தால் அவர்களிடம் கேட்பதே முதல் வேலை.

கேள்வி: டி.என்.ஏ. சோதனை செய்துகொண்டால் இவ்வளவு அலைச்சல் தேவையா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மறுபக்கத்து உறவினரும் அதே நிறுவனத்தில் சோதனை செய்திருந்தால்தான் அது பயன்படும். டர்பனில் செய்துகொண்டவர்கள் உண்டு. நம் கிராமங்களில் மிகக் குறைவு. மேலும் தலைமுறை தலைமுறையாக அத்தை மகனையும் மாமன் மகளையும் மணந்து வந்த குடும்பங்களில், தூரத்து உறவினர்கூட நெருங்கிய உறவினரைப் போல முடிவில் தெரிவார். காகிதத்துக்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம், காகிதத்துக்குப் பதிலாக அல்ல.

கேள்வி: டர்பனிலிருந்து ஒரு குடும்பத்தார், தங்கள் முன்னோர் எங்கள் ஊர்தான் என்று கப்பல் பட்டியலின் நகலோடு கடிதம் எழுதியிருக்கிறார்கள். பதில் எழுதினால் நிலத்தில் பங்கு கேட்டு வந்துவிடுவார்களோ என்று ஊரில் சிலர் அஞ்சுகிறார்கள்.
– வாசகர், நாங்குநேரி

பதில்: கப்பலேறியவர்களில் நிலம் இல்லாமல் போனவர்களே அதிகம். நிலம் இருந்திருந்தால் அவர்கள் ஏன் போகிறார்கள்? நூறாண்டுக்கு மேல் பலர் அனுபவித்து, பலமுறை கிரயமான நிலத்தைப் பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுத் தெளிந்துகொள்ளட்டும்; அதற்காகக் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பது முறையாகாது. இப்படி எழுதுகிறவர்கள் பொதுவாகக் கேட்பது குலதெய்வம் எது, எங்கள் வகையறாவில் யாரேனும் இருக்கிறார்களா என்ற இரண்டைத்தான்.

இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல நம் சீமையில் வேறெங்கும் இல்லாத ஒரு வசதி இருக்கிறது. எந்த ஊரில் குடியிருந்தாலும் பங்குனி உத்திரத்தன்று தத்தம் சாஸ்தா கோயிலுக்கு வந்துவிடுகிறோம். ஒரே சாஸ்தாவைக் கும்பிடுகிறவர்களில் யார் யாருக்குப் பங்காளி என்பது அங்கே பெரியவர்களுக்கு மனப்பாடம். சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்குக் குடும்பவாரியாகத் தலைக்கட்டு வரி பிரித்த நோட்டுகளைக் கோயில் பொறுப்பாளர் வைத்திருப்பார். பழைய நோட்டு ஒன்றில் அவர்களுடைய முன்னோரின் அண்ணன் தம்பி பெயர் கிடைத்தால், பட்டியலில் உள்ள தகப்பன் பெயரோடு ஒப்பிட்டுவிடலாம்.

பதில் எழுதும்போது நகலில் உள்ள தகப்பன் பெயர், தாலுகா, பக்கத்து வரிகளில் உள்ளவர்களின் பெயர்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். தங்கள் வீட்டில் எந்தச் சாமிக்கு, எந்த மாதம், என்ன படைத்துக் கும்பிட்டார்கள் என்று மூத்த பெண்களிடம் விசாரித்து எழுதச் சொல்லுங்கள். ஆண்கள் மறந்ததைப் படைப்புப் போடுகிறவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். விவரம் பொருந்துவதற்கு முன் எவரையும் பங்காளி என்று உறுதி சொல்ல வேண்டாம், பயணச் செலவுக்கோ கோயில் திருப்பணிக்கோ பணம் கேட்கவும் வேண்டாம். பொருந்திவிட்டால் கொடை நாள் குறித்ததும் தேதியை எழுதி அனுப்புங்கள், அவர்கள் விசாவுக்கும் விடுப்புக்கும் இரண்டு மாதமாவது முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும்.