கோச்சி தடம் புரண்டால் தூக்குவது யார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: லண்டனில் இருக்கும் தம்பி என் மகனுக்கு ஒரு மாதிரி ரயில் செட் அனுப்பியிருக்கிறான். அதில் மீட்புக் கிரேன் வண்டி ஒன்றும் உண்டு. இஞ்சினைக் கொளுவித் தூக்கினால் கிரேன்தான் குப்புற விழுகிறது. பழுதான சாமானா? (கோண்டாவில் வாசகி)

பதில்: பழுதே இல்லை, அக்கா. இங்கிலாந்து மாதிரிகள் பெரும்பாலும் 1:76 அளவில் வரும். நீளம், அகலம், உயரம் மூன்றுமே 76 மடங்கு சுருங்குவதால் பாரம் 76-ஐ மூன்று தரம் பெருக்கிய அளவுக்கு, அதாவது 438,976 மடங்கு குறைய வேண்டும். 75 தொன் தூக்கும் கிரேனின் மாதிரி, இந்தக் கணக்குப்படி சுமார் 170 கிராம் தூக்கினாலே போதும், அரை இறாத்தல் சீனி அளவுகூட இல்லை. இஞ்சினைச் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். 100 தொன் இஞ்சின் இந்த அளவில் 230 கிராம் அளவில்தான் இருக்க வேண்டும், ஆனால் சில்லு வழுக்காமல் பெட்டிகளை இழுப்பதற்காக உள்ளே உலோகக் கட்டி வைத்திருப்பார்கள், 300 கிராமைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. அந்தச் சின்னக் கிரேனிடம் நீங்கள் கேட்பது பெரிய கிரேனே செய்யாத வேலை!

நிஜத்திலும் இஞ்சினை முழுதாக அந்தரத்தில் தூக்குவது அபூர்வம். ஒரு முனையைத் தூக்கித் தண்டவாளத்தில் வைத்துவிட்டு மற்ற முனைக்குப் போவார்கள், இல்லையென்றால் முனைக்கு ஒரு கிரேனாக இரண்டு வரும். மகனையும் அப்படிச் செய்யச் சொல்லுங்கள். கிரேனின் பின்பக்கத்தில் வலைக்குக் கட்டும் ஈயம் கொஞ்சம் ஒட்டலாம். பக்கத்தில் நீட்டும் கால்கள் இருந்தால் ஐஸ்கிறீம் குச்சியைத் துண்டுகளாக வெட்டி அவற்றின் கீழே அடுக்கலாம். பிறகு பாருங்கள், சாயாது.

கேள்வி: பெரிய கிரேன் சாயாமல் நிற்பது எப்படி? (சாவகச்சேரி, உயர்தர மாணவன்)

பதில்: தம்பி, வீட்டுக் கிணற்றில் துலா இருந்தால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. பாரம் அச்சிலிருந்து எவ்வளவு தூரத்தில் தொங்குகிறது என்பதுதான் விஷயம். 75 தொன் கிரேன் என்றால் கை கிட்டத்தட்ட நிமிர்ந்து, பாரம் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் 75 தொன். கையைத் தாழ்த்தி எட்டிப் பிடிக்கப் போனால் அந்த எண் மளமளவென்று இறங்கிவிடும்.

இரண்டாவது விஷயம் கால். கிரேனின் அடியிலிருந்து இருபக்கமும் இரும்பு விட்டங்களை இழுத்து, முனைகளின் கீழே மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி இறுக்குவார்கள். சில்லில் மட்டும் நின்றால் அதன் பலத்தில் சிறு பங்குதான் கிடைக்கும். இலங்கையில் இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையிலான அகலம் 5 அடி 6 அங்குலம், இங்கிலாந்தில் 4 அடி 8½ அங்குலம். எங்களுக்குக் கொஞ்சம் வசதி, ஆனாலும் கட்டை அடுக்காமல் முடியாது. நிலம் ஒரு பக்கம் அமர்ந்தால் கிரேனும் அந்தப் பக்கம் போய்விடும் என்பதால் அனுபவசாலிகள் கொக்கியைப் பார்ப்பதைவிடக் கட்டையைத்தான் பார்ப்பார்கள். சிறுவயதில் ஒரு சரக்குப் பெட்டியை மீட்டதை வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். ஒரு ஐயா ஒவ்வொரு கட்டையிலும் உள்ளங்கையை வைத்து அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார். அதுவரை ஒருவரும் எதையும் தூக்கவில்லை.

இன்னொரு சிக்கல், கிரேனே நூறு தொன்னுக்கு மேல் பாரம், அதைப் பாலங்கள் தாங்க வேண்டுமே. இப்ஸ்விச்சில் இருந்த ரான்சம்ஸ் அண்ட் ராப்பியர் கம்பனியின் வில்பிரட் ஸ்டோக்ஸ் அதற்கு வழி கண்டார். ஓடும்போது முன்னும் பின்னும் கூடுதல் சில்லு வண்டிகள் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும், இடத்துக்கு வந்ததும் அவற்றைக் கழற்றிவிடலாம். இதே ஸ்டோக்ஸ்தான் 1915-இல் குண்டு எறியும் ஆயுதமான ஸ்டோக்ஸ் மோட்டாரையும் வடிவமைத்தார். இன்றைய மோட்டார்களின் மூதாதை அதுதான். எங்கள் ஊரில் அந்தச் சொல்லை அறியாத வீடு இல்லை. விழுந்ததைத் தூக்கி நிறுத்த இவ்வளவு அழகாக யோசித்த மனிதர் அதையும் செய்தார் என்பது எனக்கு இன்னமும் மனதை உறுத்துகிறது.

கேள்வி: தடம் புரண்டால் எப்போதும் கிரேன்தான் வர வேண்டுமா? (கொக்குவில் வாசகர்)

பதில்: இல்லை. ஓரிரு சோடிச் சில்லு மட்டும் இறங்கியிருந்தால் ஹைட்ரோலிக் ஜக்கால் உயர்த்திப் பக்கவாட்டில் நகர்த்தி வைத்துவிடுவார்கள், பெரும்பாலும் அதுதான் விரைவு. கவிழ்ந்த பெட்டிக்கும் பள்ளத்தில் கிடக்கும் இஞ்சினுக்கும் கிரேன் வேண்டும். இந்தியாவில் அதற்கென்றே 140 தொன் கிரேன்கள் உண்டு, பீகாரின் ஜமால்பூர் பணிமனையில் செய்கிறார்கள்.

ஆனால் எந்த ரயில் கிரேனும் தண்டவாளம் இருந்தால்தான் வந்து சேரும். 1990-க்குப் பிறகு எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் போர்க்காலப் பங்கருக்குப் போய்விட்டன. 2014 ஒக்டோபர் 13-இல் யாழ்தேவி ரயில் திரும்பி வந்தபோது அது ஓடி வந்தது, அடியிலிருந்து புதிதாகப் போட்ட பாதையில்.