எந்த 4050? பட்ஜெட் கேமிங் லேப்டாப் பற்றிச் சில கேள்விகள்

கோவையில் லேப்டாப் பழுது பார்ப்பதுதான் என் வேலை. புது லேப்டாப் விற்பதில்லை, அதனால் நீங்கள் எதை வாங்கினாலும் எனக்குப் பைசா வராது. வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டிருக்கிறேன்.

அண்ணா, கையில் 60 ஆயிரம்தான் இருக்கிறது. கடையில் ஆர்டிஎக்ஸ் 2050 கிராபிக்ஸ் கார்டு போட்ட லேப்டாப்பைக் காட்டி, "3050-ம் இதுவும் ஒன்றுதான் தம்பி" என்கிறார்கள். நம்பலாமா?

பாதி நம்பலாம். இரண்டும் ஒரே தலைமுறை. 4 ஜிபி மெமரி உள்ள 3050-ஐ எடுத்தால் இரண்டிலும் 2048 கோர் (கணக்குப் போடும் குட்டி யூனிட்). ஆனால் மெமரிக்குப் போய்வரும் பாதை அந்த 3050-இல் 128 பிட், 2050-இல் 64 பிட். கேம் ஓடும்போது அந்தப் பாதையில்தான் நெரிசல்.

3050 என்றாலும் 4 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு உண்டு. 2023-இல் வந்த 6 ஜிபி கார்டைக் கேட்டு வாங்குங்கள், அதில் கோரும் 2560. 4 ஜிபி இன்றைக்குப் பற்றாது. புது கேமில் ஒரு சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றால், முதலில் களிமண் பூசிய மாதிரி தெரியும், இரண்டு விநாடி கழித்துத்தான் செங்கல் தெரியும். மெமரி நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அதை எந்த செட்டிங்காலும் முழுசாகச் சரிசெய்ய முடியாது.

ஆர்டிஎக்ஸ் 4050, 16 ஜிபி ரேம், ஒரே பிராசசர். இரண்டு லேப்டாப்புக்கும் 11 ஆயிரம் வித்தியாசம். விலை குறைந்ததை எடுத்தால் என்ன நஷ்டம்?

இன்றைக்கு வந்ததில் நல்ல கேள்வி இதுதான். கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

லேப்டாப் கிராபிக்ஸ் கார்டுக்குப் பெயர் மட்டும் போதாது, அதற்கு எத்தனை வாட் மின்சாரம் கொடுக்கிறார்கள் என்பதும் வேண்டும். 4050-ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம் என்று, கார்டைச் செய்யும் என்விடியா, லேப்டாப் கம்பெனிகளிடம் விட்டுவிட்டது. மெலிதான உடம்பு, சின்ன ஃபேன் என்றால் சூட்டைத் தாங்காது, அதனால் வாட்டைக் குறைப்பார்கள். ஒட்டுகிற ஸ்டிக்கர் மட்டும் அதேதான்.

போன வருடம் கல்லூரிப் பையன் ஒருவன், "ஃப்ரெண்டுக்கும் இதே கார்டு, அவனுக்கு மட்டும் வேகமா ஓடுது, என்னுதுல ஏதோ கோளாறு" என்று கொண்டுவந்தான். திறந்து பார்த்தேன். அப்பளம் மாதிரி இரண்டு ஃபேன், பிராசசருக்கும் கார்டுக்கும் சேர்த்து, சூட்டை வெளியே கடத்த ஒற்றை ஹீட் பைப். கோளாறு எதுவும் இல்லை, அதைச் செய்ததே அப்படித்தான். காசு வாங்காமல் மூடிக் கொடுத்தேன், வேறென்ன செய்ய?

எப்படிக் கண்டுபிடிப்பது? கம்பெனியின் சொந்தத் தளத்தில் அந்த மாடலின் முழு விவரப் பட்டியலைத் திறந்து, கார்டு பெயருக்குப் பக்கத்திலோ கீழே பொடி எழுத்திலோ டிஜிபி (கார்டுக்குக் கொடுக்கும் மின்சாரம்) என்று வாட் கணக்கு இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் கடையில் சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். 'அவுட்புட்' வரியில் இருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்குங்கள். 20 வோல்ட், 6 ஆம்பியர் என்றால் மொத்தமே 120 வாட். பிராசசர், திரை, ஃபேன் எல்லாம் போக, கார்டுக்கு என்ன மிஞ்சும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட், தாராளம். செங்கல் மாதிரி கனமான சார்ஜரைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள்.

அதற்காக 115-ஐத் தேடி அலையவும் வேண்டாம். 4050, 4060 இரண்டிலுமே 100 வாட்டைத் தாண்டினால் வேகம் பெரிதாக ஏறுவதில்லை. 80-க்கு மேல் இருந்தால் எடுங்கள். 50 பக்கம் இருந்தால், அந்த 11 ஆயிரம் மிச்சம் மிச்சமே இல்லை.

நான் வேலரன்ட் கேம் மட்டும்தான் விளையாடுவேன். தனி கார்டு கட்டாயமா?

இல்லை. ரேடியான் 680எம், 780எம் மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் ஏஎம்டி ரைசன் பிராசசர் போதும். ஆனால் ரேம் இரண்டு ஸ்டிக்காக இருக்க வேண்டும். இந்த கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது, ரேமில்தான் பங்கு கேட்கும். ஒற்றை ஸ்டிக் போட்டால் பாதி வழி அடைத்த மாதிரி.

8 ஜிபி வாங்கிவிட்டு, பிறகு ரேம் ஏற்றிக்கொள்ளலாமா?

முன்பெல்லாம் நானே அப்படித்தான் சொல்வேன். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்குப் போன கிராக்கியில் ரேம் விலை எகிறியதிலிருந்து சொல்வதில்லை. 16 ஜிபியோடு வருவதையே எடுங்கள். மெலிதான மாடல்களில் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு ஏற்ற வழியே இல்லை. அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கேம்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டிக்கு இன்னொரு ஸ்லாட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். 100 ஜிபியைத் தாண்டும் கேம் நாலு ஏற்றினால் 512 ஜிபி மூச்சு முட்டும்.

சார், மகன் இன்ஜினியரிங் சேர்கிறான். "படிப்புக்குக் கேமிங் லேப்டாப்தான் வேணும்ப்பா" என்கிறான். ஏமாற்றுகிறானா?

கொஞ்சம் ஏமாற்றுகிறான், கொஞ்சம் உண்மையும் இருக்கிறது சார். கோடிங் மட்டும் என்றால் எந்த லேப்டாப்பும் போதும். மெக்கானிக்கல், சிவிலில் 3டி டிசைன், இல்லை மெஷின் லேர்னிங் என்று போனால் என்விடியா கார்டு நிஜமாகவே உதவும். ஒன்று மட்டும் அவனிடம் சொல்லிவிடுங்கள்: சார்ஜரோடு சேர்த்து மூன்று கிலோ பக்கம் வரும், தினமும் அவன் முதுகில்தான். வகுப்பில் நாள் முழுக்க பேட்டரியும் நிற்காது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கேமிங் லேப்டாப் 25 ஆயிரத்துக்குச் சொல்கிறார்கள். ஐ5 ஏழாம் தலைமுறை, ஜிடிஎக்ஸ் 1050. வாங்கலாமா?

வேண்டாம். ஏழாம் தலைமுறை இன்டெல்லில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புது கேம்களுக்கான டிரைவர் மென்பொருளையும் அதே மாதத்தோடு என்விடியா நிறுத்திவிட்டது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் இன்னும் கொஞ்ச காலம் வரும்.

பழையதுதான் முடியும் என்றால் ஜிடிஎக்ஸ் 1650-க்குக் கீழே இறங்காதீர்கள். மூடியை மெதுவாகத் திறந்து, கீல் பக்கத்து இரண்டு மூலையும் விரிகிறதா பாருங்கள். அப்புறம் ஏதாவது ஒரு கேமை 20 நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். "நேரமில்லை" என்று கடைக்காரர் சொன்னால் நீங்களும் நேரமில்லை என்று கிளம்புங்கள்.

மதுரை வெயிலில் லேப்டாப் சூடு 95 டிகிரி காட்டுகிறது. கூலிங் பேட் வாங்கட்டுமா?

எவ்வளவு நாளாக ஓடுகிறது, எங்கே வைத்து விளையாடுகிறீர்கள் என்று எழுதவில்லை. கட்டில் மேல் என்றால் முதலில் மேஜைக்கு மாற்றுங்கள், மெத்தை அடியிலுள்ள காற்றுத் துளையை அடைத்துவிடும். பின்பக்கத்தை ஓர் அங்குலம் தூக்கி வைத்தாலே கொஞ்சம் இறங்கும், இரண்டு பழைய புத்தகம் போதும். ஒரு வருடம் தாண்டிவிட்டதென்றால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும், விரலால் இழுத்தால் ஒரே பட்டையாக வரும். அதை எடுக்காமல் அடியில் எத்தனை ஃபேன் வைத்தாலும் காற்று போக வழியில்லை. பேட் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

144 ஹெர்ட்ஸ் திரை என்று போட்டிருக்கிறது. ஆனால் நிறம் வெளுத்துத் தெரிகிறதே?

45 சதவீதம் என்டிஎஸ்சி திரையாக இருக்கும், அதாவது காட்டக்கூடிய நிறங்கள் குறைவு. பட்ஜெட் மாடலில் காசை மிச்சம் பிடிக்கும் இடம் அது. விளையாட்டுக்குப் பரவாயில்லை, போட்டோ எடிட்டிங்குக்கு ஆகாது. நிற அளவு 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று போட்டிருந்தால் எடுக்கலாம்.

நோ காஸ்ட் இஎம்ஐ லாபமா?

கிரெடிட் கார்டில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உங்கள் தலையில்தான். சில வங்கிகள் பிராசசிங் கட்டணமும் போடும். பெரிய தொகை இல்லை, ஆனால் சும்மாவும் இல்லை.

பவர் கட்டில் பேட்டரியில் விளையாடினால் கேம் திக்கித் திக்கி ஓடுகிறது. பேட்டரி மாற்ற வேண்டுமா?

வேண்டாம். சார்ஜரைப் பிடுங்கியதும் கார்டுக்குப் போகும் வாட்டை லேப்டாப்பே வெட்டிவிடும், புது பேட்டரி போட்டாலும் அப்படித்தான். கரண்ட் வரும்வரை சேவ் பண்ணிவிட்டு எழுந்து போய் டீ குடியுங்கள்.