வீட்டை அடகு வைக்கும் முன் நிபோங் திபாலுக்கு ஒரு நடை போய் வாருங்கள்

போன சனிக்கிழமை சுங்கை பாக்காப்பிலிருந்து அப்பா, அம்மா, பெரியப்பா என்று நீங்கள் மூன்று பேரும் மகளோடு வந்திருந்தீர்கள். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேசன் படிப்பை முடித்த பிள்ளை. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கிடைக்கும் அளவுக்கு மதிப்பெண் வரவில்லை. வெளிநாட்டில் இடம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்டு கடிதம் கொடுத்திருக்கிறார், மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். "அழுதுகிட்டே இருக்கா சார், நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றீர்கள், அம்மா.

பிள்ளையின் மதிப்பெண் நல்ல மதிப்பெண்தான். எதுவும் கெட்டுப்போகவில்லை. ஆறுதலை இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்பா லாரி ஓட்டிச் சேர்த்த இ.பி.எஃப். சேமநிதிப் பணமும், இன்னும் கடன் முடியாத வீடும்தான் உங்களிடம் இருப்பவை. இரண்டையும் ஒரே படிப்பில் கொட்டினால், நடுவில் ஒரு வருடம் தடுக்கினாலும் எழுந்திருக்க முடியாது. அடுத்து தம்பி ஒருவன் படிக்க இருக்கிறான், அவனுக்கு என்ன மிஞ்சும்? டாக்டர் ஆகிவிட்டால் அரசாங்க வேலை உறுதி என்று பெரியப்பா சொன்னார். அவர் காலத்தில் அப்படித்தான். 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் எடுத்தார்கள். நிரந்தரப் பணி கேட்டு அவர்கள் 2021 ஜூலை 26 அன்று மருத்துவமனைகளை விட்டு வெளியே வந்து நின்றதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

இதைவிடப் பெரிய காரணம் உங்கள் மகள்தான். உயிரியல் பிடிக்குமா என்று கேட்டேன், பதில் இல்லை. வீட்டில் என்ன செய்வாய் என்று கேட்டதும் முகம் மலர்ந்தது. அப்பாவின் லாரி நடைக் கணக்கை அவள்தான் எழுதுகிறாளாம். ஒரு நடையின் முடிவு மீட்டரைவிட அடுத்த நடையின் தொடக்க மீட்டர் குறைவாக இருந்ததாம். இரண்டு நாள் சீட்டுகளைப் புரட்டி, எண்ணை மாற்றி எழுதிய இடத்தைக் கண்டுபிடித்திருக்கிறாள். நீங்கள் அதைச் சின்ன விஷயமாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். எனக்கு அது மூன்று வருட மதிப்பெண் பட்டியலைவிட அதிகம் சொன்னது.

கணினி, கணக்கியல், தாதிமை பற்றியெல்லாம் சொந்தக்காரர்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே நிபோங் திபாலில் யு.எஸ்.எம். எனும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் இருக்கிறது. அங்கே கனிம வளப் பொறியியல் நான்கு வருடப் பட்டப்படிப்பு. வீட்டிலிருந்தே போய் வரலாம், பி.டி.பி.டி.என். எனும் அரசாங்கக் கல்விக் கடன் போதும். பாறையையே ஆழமாகப் படிக்க ஆசைப்பட்டால் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் பாங்கியில் யு.கே.எம். எனும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் துறை இருக்கிறது.

அந்தப் படிப்பில் ஒரு வேலையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது அவளுக்கென்றே செய்தது போல இருக்கிறது.

தங்கச் சுரங்கம் என்றால் மண்ணுக்குள் எங்கே, எவ்வளவு தங்கம் என்று முதலில் கணக்கிட வேண்டும். துளை போட்டு உருளை உருளையாகப் பாறையை வெளியே எடுத்து, நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியை ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். மறு பாதி பெட்டியில் பத்திரமாக இருக்கும். 1997இல் வெடித்த இந்தோனேசியாவின் கலிமந்தான் புசாங் தங்க மோசடியில் அந்த மறு பாதியையே வைக்காமல் முழுவதையும் நொறுக்கிவிட்டிருந்தார்கள். திரும்பச் சோதிக்கப் பாறை இல்லை.

பிறகு எல்லாம் அட்டவணைகள். துளையின் வாய் எந்த இடம், எவ்வளவு ஆழம் என்று ஒன்று. அது எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்து போகிறது என்று ஒன்று. எத்தனையாவது மீட்டரிலிருந்து எத்தனையாவது மீட்டர் வரை எவ்வளவு தங்கம் என்று ஒன்று. இவற்றை சர்பேக், டேட்டாமைன், லீப்ஃபிராக் போன்ற மென்பொருளில் ஏற்ற வேண்டும். கஷ்டம் ஆரம்பிப்பது இங்கேதான். ஒரே துளையின் பெயர் ஒரு அட்டவணையில் பிடி-07 என்றும் இன்னொன்றில் பிடி07 என்றும் இருந்தால் இரண்டும் ஒன்று சேராது. கீழ்நோக்கிய சாய்வைக் கழித்தல் குறியோடு எதிர்பார்க்கும் மென்பொருளில் குறியை விட்டுவிட்டால், துளை பூமிக்குள் போகாமல் வானத்தைப் பார்த்து நிற்கும். 120 மீட்டர் துளையில் 132ஆவது மீட்டருக்கும் ஆய்வு முடிவு வந்து உட்கார்ந்திருக்கும். 45 முதல் 46 வரை ஒரு வரி, அடுத்த வரி 45.5இல் தொடங்கும். லாரி மீட்டர் கதையேதான்!

ஆய்வகம் "0.01க்கும் குறைவு" என்று எழுதி அனுப்பினால் அதில் பாதியாக 0.005 என்று போடுவது வழக்கம். ஆனால் சோதிக்கவே இல்லாத இடத்தில் பூச்சியம் போடுவதா, வெற்றாக விடுவதா என்பது யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. ஒரு மீட்டர் நீளப் பாறையில் டன்னுக்கு 2 கிராம், அடுத்த அரை மீட்டரில் டன்னுக்கு 8 கிராம் என்றால் சராசரி 5 என்று அவசரப்பட்டுச் சொல்வோம். நீளத்தைக் கணக்கில் எடுத்தால் 4தான்.

இந்த எண்களை வைத்துத்தான் துளைகளுக்கு நடுவே உள்ள பாறையின் தரத்தை மதிப்பிடுகிறார்கள். தென்னாப்பிரிக்கப் பொறியாளர் கிரிக் பெயரால் அந்த முறைக்கு கிரிகிங் என்று பெயர். பத்துக்குப் பத்துக்கு ஐந்து மீட்டர் கட்டம் ஒன்றில், பாறையின் அடர்த்தி கன மீட்டருக்கு 2.7 டன் என்றால் 1,350 டன் இருக்கும். டன்னுக்கு 1 கிராம் என்பது தரவை ஏற்றும்போது நேர்ந்த பிழையால் 1.2 ஆகிவிட்டால், இல்லாத 270 கிராம் தங்கம் கணக்கில் வந்துவிடும். அது 33 பவுனுக்கும் மேல், அதுவும் ஒரே கட்டத்தில். சுரங்கத்தில் ஆயிரக்கணக்கான கட்டங்கள் இருக்கும்.

நேற்று அவளிடம் பிழை வைத்த ஒரு சிறு அட்டவணையைக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் ஆறு பிழையில் ஐந்தைப் பிடித்தாள். ஆறாவதைக் காட்டியதும் தன்மேல் கோபம் வந்து, தாளை வீட்டுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்டாள்.

குறையையும் மறைக்க மாட்டேன். முதல் சில வருடம் பகாங் பக்கமோ வெளிநாட்டிலோ சுரங்க முகாமில் பாறைப் பெட்டிகளோடு நிற்க வேண்டும். பெண்கள் குறைவாக இருக்கும் இடம்; தங்குமிடம், போக்குவரத்து என்ன என்று கேட்காமல் எந்த வேலையிலும் சேரக் கூடாது. உலோக விலை விழுந்தால் வேலையும் குறையும். 1985இல் வெள்ளீய விலை சரிந்தபோது பேராக்கின் கிந்தாப் பள்ளத்தாக்கு பட்ட பாட்டைப் பெரியப்பாவே சொல்வார். ஆனால் எண்களைச் சுத்தம் செய்து மதிப்பிடத் தெரிந்தவளுக்குச் சுரங்கத்துக்கு வெளியேயும் இடம் உண்டு.

அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. விண்ணப்பத்தில் இந்தப் படிப்பை முதலில் போடுங்கள். அதுவரை ஒரு காசு செலவில்லாமல் அவள் பழகலாம். மேற்கு ஆஸ்திரேலிய அரசு உண்மையான துளைத் தரவுகளை இலவசமாக வெளியிடுகிறது, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளும் இலவசம். பத்துத் துளையை ஏற்றி வரைபடத்தில் பார்க்கட்டும். ஒரு மாதத்தில் சலித்துப்போனால் என்னிடம் வாருங்கள், வேறு பார்ப்போம். அந்த ஏஜெண்டுக்கு மட்டும் திங்கட்கிழமையே போன் போட்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.