ஐந்து வருடமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன், கல்லீரல் கெட்டுவிடுமா?

உங்களுக்குக் கல்லீரல் நோய் ஏதும் இல்லை, எடுப்பது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படியானால் ஐந்து வருடம் சாப்பிட்டதாலேயே கல்லீரல் கெடாது. மாத்திரைக் கம்பெனிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், ஆபத்தையும் சொல்லத்தான் போகிறேன்.

பித்தநீர் தேக்கம் ஒன்று. கல்லீரல் செல்களிலிருந்து பித்த உப்பு வெளியேறுவதை ஈஸ்ட்ரோஜன் மந்தமாக்கும். கர்ப்ப காலத்தில் உள்ளங்கை, உள்ளங்காலில் கடும் அரிப்பு வந்து, பித்தத் தேக்கம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு இது வர வாய்ப்பு அதிகம். பெரும்பாலும் மாத்திரை தொடங்கிய முதல் சில மாதங்களிலேயே அரிப்பு, அடர்நிறச் சிறுநீர், மஞ்சள் காமாலை என்று காட்டிக்கொடுத்துவிடும், நிறுத்தினால் சரியாகும். உங்களுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

வருடக் கணக்கோடு சம்பந்தப்பட்டது அடினோமா. கல்லீரலில் வரும், புற்றுநோய் அல்லாத கட்டி. மாத்திரையோடு இதற்குள்ள தொடர்பு 1973-இல் வெளிவந்தது. 1960-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் மாத்திரையில் மெஸ்ட்ரனால் என்ற ஈஸ்ட்ரோஜன் 150 மைக்ரோகிராம் இருந்தது; இன்று பெரும்பாலானவற்றில் எத்தினைல் எஸ்ட்ராடியோல் என்ற ஈஸ்ட்ரோஜன் 20 முதல் 35 மைக்ரோகிராம்தான். அதனால் அடினோமா இப்போது மிக அரிது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: கட்டி இருந்தாலும் எல்எஃப்டி (கல்லீரல் செயல்பாட்டு ரத்தப் பரிசோதனை) நார்மலாகவே வரலாம். "ரத்தப் பரிசோதனை சரியாக இருக்கிறது" என்பதை வைத்து வலது விலாவுக்குக் கீழே நீடிக்கும் வலியை ஒதுக்காதீர்கள், அல்ட்ராசவுண்ட் எடுங்கள். 5 செ.மீ. தாண்டிய கட்டியில் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மாத்திரையை நிறுத்தினால் பல கட்டிகள் சுருங்கும், ஆறு மாதம் கழித்து எம்ஆர்ஐ எடுத்து ஒப்பிடுவார்கள்.

அந்தப் பரிசோதனையில் எஸ்ஜிபிடி என்ற கல்லீரல் நொதி லேசாகக் கூடியிருந்தால் கொழுப்புக் கல்லீரல், மது, வேறு மருந்துகள் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி கிருமி உடலில் இருந்தும் கல்லீரல் நன்றாக இயங்குபவர்கள் மாத்திரையைத் தொடரலாம். முற்றிய சிரோசிஸ் (கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும் நோய்), அடினோமா உள்ளவர்களுக்கு மாத்திரை கூடவே கூடாது. அவர்களுக்குக் கருப்பையில் பொருத்தும் காப்பர் டி பொருந்தும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்குப் பிரச்சினை வேறு: அந்த மருந்தின் தூண்டுதலால் கல்லீரல், கருத்தடை மாத்திரையை வேகமாகச் சிதைத்துவிடும், கருத்தடை பலிக்காமல் போகலாம்.

மாத்திரைக்குப் பயப்படுகிறவர்களிடம் "லிவர் டீடாக்ஸ்" விற்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பச்சைத் தேயிலைச் சாற்றை அடர்த்தியாக்கிய கேப்சூல் கல்லீரலையே பாதித்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் ஏராளம். மாத்திரை எடுக்கும் யாருக்கும் கல்லீரலைச் "சுத்தம்" செய்யத் தேவையே இல்லை.